மூடியைத் திறந்தால் பேச வேண்டும்

அண்ணையின் குரல்வளையைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்த பிறகு, எங்கள் வீட்டில் முதலில் மாறியது வானொலியின் சத்தம். அதுவரை அது பாடுகிறதா, செய்தி சொல்லுகிறதா என்றே எனக்குத் தெரிந்ததில்லை. அண்ணை அதற்கு மேலால் கதைத்துக்கொண்டிருப்பார்.

கப்பல்களின் எஞ்சின் அறையில் வயது போகும்வரை வேலை செய்தவர் அவர். அந்த இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகிய தொண்டை. கரைக்கு வந்த பிறகு கலியாணம் என்று ஒன்றை யோசிக்காமல், கணவரை இழந்திருந்த என்னோடு தொண்டைமானாற்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வாசல் படலையடியில் நின்று அவர் பேரம் பேசினால் மீன்காரர் விலையைக் குறைத்துவிடுவார். விலை கூடுதல் என்று ஒப்புக்கொண்டதனால் அல்ல, அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுதான் குறைத்திருப்பார் என நினைக்கிறேன். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. வாய் சாப்பிட மட்டும்.

கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து பேசும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒருமுறை வைத்துப் பார்த்தார். போத்தலுக்குள் வண்டு அகப்பட்டது போல ஒரு சத்தம் வந்தது. அதை அலுமாரிக்குள் வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டத் தொடங்கினார். அவருடைய கையெழுத்தை அவரே இரண்டு தடவை பார்த்துத்தான் வாசிப்பார்.

கனடாவில் இருக்கும் என் மகன், தன் வேலைத்தலத்தில் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். ஓய்வு பெறும்வரை நான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். அங்கே பழைய கணினிகளையெல்லாம் லினக்ஸில்தான் ஓட்டினோம். வயது போன கணினிக்கு அது பாரமாக இருப்பதில்லை. எனக்குக் கை பழகியதும் அதுதான். ஆகவே இதிலும் அதையே போட்டேன். தமிழில் தட்டியதை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றும் கிடைத்தது.

அண்ணை மேசைக்கு முன்னால் இருந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி "தேத்தண்ணி தா" என்று தட்டினார். எண்டர் விசையை அழுத்தினார். தகரத்தில் செய்தது போன்ற ஓர் ஆண் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், "தேத்தண்ணி தா" என்றது. பின்னால் யாரோ நின்று கேட்டது போல அண்ணை திரும்பிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"உவன் ஆர்?" என்றது கணினி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவுமில்லை.

சிக்கல் மூடியில்தான் தொடங்கியது. மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறக்கத்துக்குப் போகும். செய்துகொண்டிருந்த வேலையையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, மின்சாரத்தை மிகக் கொஞ்சமாகச் செலவழித்தபடி கிடக்கும். மூடியைத் திறந்தால் உடனே விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எங்களுடையது தொடரவில்லை. சிறிய விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, முதலிலிருந்து தொடக்க வேண்டும். அது தொடங்கி முடிவதற்குள், அண்ணை மறுமொழி சொல்ல நினைத்த கதை வேறு எங்கேயோ போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த சுருக்கமான வழியைச் செய்தேன். மூடினாலும் உறங்காதே என்று அமைப்பை மாற்றிவிட்டேன். வீட்டில் அது சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அண்ணை அதைப் பையில் போட்டுக்கொண்டு சந்நிதி கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் ஒன்றும் காட்டாமல் என் கையைப் பிடித்துப் பையின் மேல் வைத்தார். அப்போதுதான் வடித்த சோற்றுப் பானை போலச் சுட்டது. உள்ளே விழித்தபடியே கிடந்து, வெக்கையில் வெந்து, பற்றரியையும் தின்று முடித்து அணைந்திருந்தது. மின்சாரத்தில் செருகியதும் தட்டினார்.

"எல்லாரும் சுகம் கேட்டவை. நான் சிரிச்சுக்கொண்டு நிண்டன். விசரன் மாதிரி."

அதை அந்தத் தகரக் குரல் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னது. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. மூடினால் உறங்க வேண்டும், திறந்தால் எழும்பவும் வேண்டும், வேறு வழியில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இணையத்தில் தேடினேன். இதே சிக்கல் உலகம் முழுக்க இருந்தது. யாரோ ஒருவர் இதை மாற்றினேன் சரிவந்தது என்பார். அடுத்தவர் அதே மாற்றத்தால் என் கணினி இன்னும் மோசமாகிவிட்டது என்பார். நான் பொறுமையில்லாதவள். கண்ட மூன்று வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்துவிட்டு மூடியைச் சாத்தப் போனேன். அண்ணை என் கையைத் தட்டிவிட்டுத் தன் பக்கம் கணினியை இழுத்தார்.

"மூண்டையும் ஒண்டாய் மாத்தினா, எது சரிவந்ததெண்டு எப்பிடித் தெரியும்? எஞ்சினிலை இப்பிடிச் செய்தா சீஃப் எஞ்சினியர் என்னைக் கடலுக்கை தள்ளியிருப்பான்."

"இது எஞ்சின் இல்லை அண்ணை."

"எல்லாம் எஞ்சின்தான். பழையபடி வை."

எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். மாற்றுவது, மூடுவது, கொஞ்சம் பொறுப்பது, திறப்பது. திரை கறுப்பாக இருந்தால் அந்த மாற்றத்தைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போவது. கணினி தனக்குள் நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கும். முந்திய தடவை என்ன நடந்தது என்று அதைத் திறந்து காட்டினேன். கடைசி வரியில் உறக்கத்துக்குள் போகிறேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. அண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"போனது தெரியுது. வந்தது தெரியேல்லை," என்று தட்டினார்.

உறக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று தேடிப் பிடித்தேன். ஒன்று ஆழ்ந்தது, மற்றது மேலோட்டமானது. மேலோட்டமான உறக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் எழும்பியது. ஆனால் பையில் வைத்தால் மெல்லச் சூடாகி, பற்றரி பாதியில் இறங்கியது. ஆழ்ந்த உறக்கத்தில் வைத்தால் சூடு இல்லை, செலவு இல்லை, எழும்புவதுமில்லை. இதற்கு நடுவில் ஒன்று கிடையாதா என்று நான் சலித்துப்போய் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கணினியைத் தொடக்கும் வேளையில் ஒரு விசையை அழுத்தினால், இயங்குதளம் வருவதற்கு முன்னரே அமைப்புகளுக்கான பக்கம் ஒன்று திறக்கும். நான் பலமுறை அதற்குள் போய் வந்தவள்தான். அன்றும் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் எழும்பிப் போயிருந்தேன். அண்ணை அன்றைக்குத்தான் முதல்முறை அதைப் பார்த்தார். எஞ்சின் அறையில் மானிகளைப் பார்த்து வந்த பழக்கமோ என்னவோ, மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் விரல் வைத்து வாசித்தார். மேசையில் இரண்டு தரம் தட்டி என்னைக் கூப்பிட்டார். விரல் ஒரு வரியில் நின்றது. உறக்கம் எந்த இயங்குதளத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று கேட்கும் வரி அது. வேறொன்றின் பெயர் அதில் இருந்தது. லினக்ஸ் என்ற தெரிவும் பக்கத்திலேயே இருந்தது. என் கண்ணில் அது ஒருநாளும் பட்டதில்லை.

மாற்றினோம். மூடினோம். தேத்தண்ணி குடித்தோம். அண்ணை மூடியைத் திறந்தபோது, அவர் பாதியில் விட்ட வாக்கியம் திரையில் அப்படியே நின்றது. துறைமுகத்தில் கயிறு கட்டியாயிற்று என்று கரையில் நிற்பவருக்குக் காட்டுவது போல, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

இதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் அண்ணைக்காக நான் மறுமொழி சொல்லப் பழகியிருந்தேன். வங்கியில், கடையில், கோயிலில், அவர் பக்கத்திலேயே நிற்க, "அண்ணைக்கு இப்ப எப்பிடி?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். நானும் சொன்னேன். அது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றும் நம்பினேன். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

கிளினிக்குக்குப் போக வேண்டிய ஒரு காலை. ஓட்டோ வருவதற்கிடையில் நான் அவருடைய மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை வேகமாக எதையோ தட்டினார். ஏற்கனவே யோசித்து வைத்தது என்று அந்த வேகத்திலேயே தெரிந்தது. எண்டரை அழுத்தினார். கணினி தொடங்கியது.

"நீ எனக்கு நல்லாத்தான் செய்யிறாய். ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா..."

வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அண்ணை மூடியைச் சாத்திப் பையில் வைத்தார்.

"ஆனா என்ன அண்ணை?"

பிறகு சொல்கிறேன் என்று கையால் காட்டிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஓட்டோவில் போய்ப் பிடித்த யாழ்ப்பாண பஸ்ஸில் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. பை அண்ணையின் மடியில். அதற்குள் கணினியோடு சேர்த்து, கம்பியில்லாத மவுஸ் ஒன்றும் இருந்தது. எண்ணெயிலும் இரும்பிலும் காய்த்துப்போன அவருடைய விரலுக்குக் கணினியின் தொடுதட்டு பிடிபடாது, அதனால் எங்கே போனாலும் மவுஸையும் கொண்டுபோவார். அச்சுவேலி தாண்டியதும் கொண்டக்டர் எங்களிடம் வந்தார். இளம் ஆள். அண்ணையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஐயா, எங்கை இறங்கிறியள்?"

"ஆஸ்பத்திரியடியிலை. ரெண்டு பேர்," என்றேன் நான்.

அண்ணை பணப்பையை எடுக்கப் பையை மடியிலிருந்து தூக்கினார். உள்ளே கிடந்த மவுஸ் புரண்டிருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து அந்தத் தகரக் குரல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"...என்னட்டைக் கேட்டதுக்கு நீ மறுமொழி சொல்லாதை. எனக்குக் கொஞ்சம் நேரம் குடு. நான் ஊமை இல்லை. பிந்தித்தான் கதைக்கிறன், அவ்வளவுதான்."

கொண்டக்டர் கையை நீட்டியபடியே நின்றார். நான் பையைப் பிடுங்கித் திறக்கப் பார்த்தேன், சிப் இறுகிக்கொண்டது. குரல் நிற்கவில்லை.

"சப்பாத்துக் கடையிலை என்ரை காலின்ரை அளவை உன்னட்டைக் கேக்கிறாங்கள். நீயும் சொல்லுறாய். அதுவும் பிழையான அளவு."

முன் இருக்கையில் இருந்த பெண் முதலில் சிரித்தார். பிறகு பின்னால் இருந்து சிரிப்புக் கேட்டது. எனக்கு முகம் முழுக்கச் சூடேறியது. அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின. துளையை மறைத்துக் கழுத்தில் கட்டியிருந்த துணி மூச்சுக் காற்றில் படபடத்தது. மூச்சுத் திணறுகிறது என்று பயந்து முதுகைத் தடவினேன். அவர் முகத்தை நிமிர்த்தியபோதுதான் கண்டேன், சிரிக்கிறார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டதில்லை. சத்தமில்லாமல் சிரிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவுமில்லை.

கொண்டக்டர் குனிந்தார். "ஐயா, நீங்களே சொல்லுங்கோ. எங்கை?"

அண்ணை சிப்பை ஆறுதலாகத் திறந்து, கணினியை எடுத்து மடியில் வைத்தார். அதுவரை வெளியிடங்களில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே அவர் அதைத் திறந்ததேயில்லை. ஒற்றை விரலால் தட்டினார். பின்னால் யாரோ மிச்சக் காசு கேட்டுச் சத்தம் போட்டார்கள். "பொறுங்கோ, ஐயா கதைக்கிறார்," என்றார் கொண்டக்டர்.

"ஆஸ்பத்திரியடி. ரெண்டு."

ரிக்கற்றைக் கொண்டக்டர் அண்ணையின் கையில் கொடுத்தார். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து என்னிடம், "உந்த லப்டொப்போ கதைக்குது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டேன். அவரும் கொஞ்சம் பொறுத்து, என்னை விட்டு அண்ணையைப் பார்த்தார்.

"லப்டொப் இல்லை. நான்தான்," என்றது குரல்.

கிளினிக்கில் அந்தப் பாடம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வைத்தியர் ஓர் இளம் பெண். அட்டையைப் புரட்டியபடி என்னைப் பார்த்து, "சாப்பாடு வடிவா இறங்குதோ?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணை மூடியைத் திறந்தார். திரை வந்தது. தட்டி எண்டரை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. வைத்தியர் என்னையே பார்த்தார். பிட்டு தொண்டையில் அடைத்து அவர் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணை கணினியை அப்படியே வைத்தியரின் பக்கம் திருப்பினார். அவர் கதிரையை முன்னால் இழுத்து வாசித்தார். வாசித்துவிட்டு எழும்பி, அண்ணையின் கழுத்தின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா நோகுது ஐயா?"

எனக்கு அது புதிது. இடப்பக்கம் நோகிறது என்று அவர் என்னிடம் சொன்னதேயில்லை. திரையை எட்டிப் பார்த்தேன். "இறங்குது. ஆனா இடப்பக்கம் நோகுது. தங்கச்சிக்குச் சொல்லேல்லை, பயப்பிடுவாள்," என்றிருந்தது. பயப்படும்படியாக ஒன்றும் இல்லை. துளையின் ஓரத்தில் சின்னப் புண், மருந்தில் ஆறிவிடும் என்று வைத்தியர் சொன்னார். அப்படியே ஆறியது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் மறுமொழி சொல்லியிருந்தால், பிட்டைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மிச்சமிருந்த இரண்டு பிழைகளையும் எடுத்தோம். கணினியை உறக்கத்திலிருந்து எழுப்ப எது எதற்கு அனுமதி உண்டு என்று ஒரு பட்டியல் உள்ளே இருக்கிறது. மூடிக்கு அனுமதி, பொத்தானுக்கு அனுமதி, மவுஸுக்கும் அனுமதி.

"உவனுக்கு ஆர் அனுமதி குடுத்தது?" என்று அண்ணை கேட்டார்.

"இதை இப்பிடியே விடுவமோ?" என்றேன். பஸ்ஸில் வந்த சிரிப்பை நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டினார். "பஸ்ஸிலை எப்ப கதைக்கிறதெண்டு நான்தான் தீர்மானிக்கிறது."

மவுஸின் அனுமதியை எடுத்துவிட்டேன்.

சத்தம் வராத பிழைக்குத்தான் கூட நாள் போனது. எல்லாத் தடவையும் நடந்தால் பிடித்துவிடலாம். இது நினைத்த நேரம் மட்டும் வந்தது. அண்ணை கதிரையில் இருந்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும், சம்மதம் சொல்வது போல, "ஓம்" என்று சொல்லவைத்தார். அடுப்படியில் நின்ற எனக்கு ஓம், ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஓம் வராத இடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். அப்படித்தான் கண்டுபிடித்தோம். எழும்பும்போது சிலவேளை அது தன்னுடைய ஒலிபெருக்கியை மறந்துவிட்டு, வெளித்திரை செருகும் துளைக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் துளையில் ஒன்றும் செருகியிருக்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் அங்கே போய் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை எழும்பியதும் குரலை ஒலிபெருக்கிக்குத் திருப்பிவிடும்படி சில வரிகளில் ஒரு கட்டளை எழுதி, உறக்கம் கலையும் இடத்தில் வைத்தேன். பிறகு ஓம் தவறவில்லை. எப்போதாவது புதுப்பித்தல் வந்து எதையாவது குழப்பினால், அண்ணையே பதிவைத் திறந்து கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

பொறுத்திருப்பது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. அவர் விரல் எழுத்தைத் தேடும்போது என் வாய்க்குள் மறுமொழி ஆயத்தமாக நிற்கும். அது அநேகமாகச் சரியாகவும் இருக்கும். ஆனால் நான் நினைக்காத ஒன்றை அவர் சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிச் சொல்லும்போது, இத்தனை காலமும் இந்த மனிசனை எனக்குத் தெரியும் என்று எப்படி நினைத்தேன் என்று யோசிப்பேன். கடைக்காரர்களில் சிலர் இப்போது அவரைப் பார்த்துக் கேட்கிறார்கள். சிலர் இன்னமும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் வானத்தைப் பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், அண்ணை சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல்முறையாகத் தொலைபேசியில் ஒருவரைக் கூப்பிட்டார். வட்டுக்கோட்டைக்காரர், மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், அவரோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வணக்கம். சுகமாய் இருக்கிறியளோ?" என்றது தகரக் குரல்.

மற்றப் பக்கம் வெட்டிவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடியும் வணக்கம், மறுபடியும் வெட்டு. ஏதோ கம்பனியின் விளம்பர அழைப்பு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானே எடுத்து விளக்கம் சொல்லலாம் என்று எழும்பினேன். அண்ணை கையைக் காட்டி என்னை இருத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த அழைப்புக்கு வேறொன்றைத் தட்டினார். எஞ்சின் அறையில் புழங்கிய ஒரு சொல். எந்த விளம்பரமும் சொல்லாது, நானும் இங்கே எழுத மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் வட்டுக்கோட்டைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விடுவாராம்.

தகரக் குரல் அதை மிகத் தெளிவாக உச்சரித்தது. மற்றப் பக்கம் இம்முறை வெட்டவில்லை.

"எட, நீயோடா?" என்று கேட்டது ஒரு கிழட்டுக் குரல். "உயிரோடையோ இருக்கிறாய்? கதை, கதை. நான் வைக்கேல்லை."

அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு இருந்து தட்டத் தொடங்கினார். வட்டுக்கோட்டைக்காரர் பொறுத்திருக்கும் மூச்சுச் சத்தம் தொலைபேசிக்குள்ளால் கேட்டுக்கொண்டிருந்தது.